30 கிராமும் ஓர் எல்லைக்கோடும்: கனடாவில் கஞ்சாவோடு பயணம் செய்வது பற்றி

போன கோடையில் உறவுக்கார அன்ரி ஒருவர் ஒரு சின்னக் கறுப்புப் போத்தலை என் முன்னால் வைத்தார். இரவில் முழங்கால் நோவு தூங்கவிடாது என்பதால் நாக்கின் கீழ் சில துளி விட்டுக்கொள்ளும் கஞ்சா எண்ணெய் அது. "தம்பி, இது களவாய் வாங்கினது இல்லை. கடையில காசு குடுத்து வாங்கினது, துண்டும் இருக்கு. யாழ்ப்பாணம் போகேக்க கொண்டுபோகலாம்தானே?" என்று கேட்டார்.

போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். மூடியை மறித்து ஒட்டியிருந்த கலால் முத்திரையில் ஒன்ராறியோவின் பெயர் இருந்தது. மஞ்சள் கட்டத்துக்குள் சுகாதார எச்சரிக்கை, கீழே எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. அன்ரி சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அந்தப் போத்தலோடு அவர் வன்கூவருக்கு விமானம் ஏறலாம். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய அமெரிக்க நகரான பஃபலோவுக்குக் கொண்டுபோனால் குற்றம். கொழும்புக்குக் கொண்டுபோனாலும் குற்றம். 3,300 கிலோமீற்றருக்கு மேல் பறந்து போவது சரியாகவும், ஒரு பாலத்தைக் கடப்பது பிழையாகவும் இருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். எங்கள் ஆட்கள் பலர் இதை அரைகுறையாகத்தான் அறிந்திருக்கிறார்கள். அந்த அரைகுறை அறிவினால் விசாவையும் வேலையையும் வதிவிட உரிமையையும் இழக்க நேரலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரே விஷயம். அனுமதி பொருளோடு கூட வருவதில்லை, அது நிலத்தோடு கிடக்கிறது. கனடாவில் வலப்பக்கமாகக் கார் ஓட்டுகிறோம், இலங்கையில் இடப்பக்கமாக. ஓட்டுகிற ஆள் அதே ஆள், கையில் இருப்பதும் சாரதி அனுமதிப்பத்திரம்தான். ஆனாலும் கட்டுநாயக்கவிலிருந்து வெளியே வந்து "நான் கனடாவில் இப்படித்தான் ஓட்டுவேன்" என்று வலப்பக்கம் போக முடியாது. ஒன்ராறியோக் கடையின் ரசீதும் அப்படியே. கால் வைத்திருக்கும் மண் மாறினால் அதன் பெறுமதியும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கனடாவின் மண்ணில் இது 2018 ஒக்டோபர் 17 அன்று சட்டபூர்வமானது. நாடு முழுவதற்குமாகப் பொழுதுபோக்குப் பாவனையை அனுமதித்த முதல் நாடு உருகுவே, 2013இல். கனடா இரண்டாவது. கனடாவில் இந்தச் சட்டம் இரண்டு அடுக்காக இருக்கிறது. அடித்தளத்தை ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு போட்டது: வயதுவந்த ஒருவர் பொது இடத்தில் எவ்வளவு வைத்திருக்கலாம், யார் தயாரிக்கலாம், நாட்டு எல்லையில் என்ன நடக்கும் என்பவை அதில் அடங்கும். அதன் மேல் ஒவ்வொரு மாகாணமும் தன் சுவரை எழுப்பியிருக்கிறது: எத்தனை வயது, எந்தக் கடை, எங்கே புகைக்கலாம், காரில் எங்கே வைக்க வேண்டும். பயணம் போகிறவர் இரண்டு அடுக்கையும் பார்த்தாக வேண்டும்.

அடித்தளத்தின் முக்கியமான எண் 30 கிராம். பொது இடத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு 30 கிராம் உலர்ந்த கஞ்சா, அல்லது அதற்குச் சமமான வேறு வடிவம். இந்த "சமமான" என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1 கிராம் உலர்ந்த பூவுக்குச் சமம் 5 கிராம் பச்சைச் செடி, அல்லது 15 கிராம் தின்பண்டம், அல்லது கால் கிராம் செறிவுச்சாறு, அல்லது ஒரு விதை. பெருக்கிப் பாருங்கள். கமி எனப்படும், கஞ்சா சேர்த்த மெல்லும் மிட்டாயாக இருந்தால் 450 கிராம் வரை போகலாம், யாரும் அவ்வளவு வாங்கப்போவதில்லை. ஆனால் ஆவியாக்கி இழுக்கும் வேப் குழாய்க்குள் இருக்கும் செறிவுச்சாறு என்றால் மொத்தம் 7.5 கிராம்தான். ஒரு கிராம் வேப் குழாய் ஒன்று 4 கிராம் பூவுக்குச் சமமாகிவிடுகிறது. சட்டைப்பையில் அடங்கிவிடும் எட்டுக் குழாய்கள் எல்லையைத் தாண்டிவிடும். கண்ணால் பார்த்து "கொஞ்சம்தானே" என்று மதிப்பிட முடியாத பொருள் இது.

அளவு ஆளுக்கு ஆள் தனித்தனியானது. காரில் நான்கு பெரியவர்கள் போனால் ஒவ்வொருவருக்கும் 30 கிராம் உண்டு. ஆனால் நாலு பேருடையதையும் ஒருவரின் பையில் போட்டுவிட்டு, கேட்கும்போது பங்கு பிரித்துக் காட்ட முயல்வது புத்தியில்லை. அவரவரது அவரவரிடம் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டபூர்வம் என்று நான் சொல்வதெல்லாம் அனுமதி பெற்ற கடையில் வாங்கிய, கலால் முத்திரை ஒட்டிய பொருளைப் பற்றித்தான். உரிமம் இல்லாத இணையத்தளத்திலோ தெரிந்த பெடியனிடமோ வாங்கிய பொதி 5 கிராமாக இருந்தாலும், அது சட்டவிரோதமான சரக்கு என்று தெரிந்தே வைத்திருப்பது தனிக் குற்றம். அதனால் பயணத்தில் பொதியைப் பிரித்து வேறு டப்பாவில் கொட்டாமல், வாங்கிய உறையிலேயே கொண்டுபோவது நல்லது. முத்திரை உங்களுக்காகப் பேசும்.

401 நெடுஞ்சாலை முடியும் இடத்தில்

மாகாணச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் போகும் பாதையை விட நல்ல உதாரணம் இல்லை. எங்களில் எத்தனையோ பேர் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஓடிப் பழகிய பாதை.

20 வயதுப் பிள்ளை ஒன்று அந்தக் காரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்ராறியோவில் சட்ட வயது 19. ஆகவே அவர் பையிலிருக்கும் 7 கிராம் பொதி ஸ்காபரோவில் சரி, கிங்ஸ்ரனில் சரி, கோர்ன்வால் வரைக்கும் சரி. கியூபெக் எல்லையில் 401 முடிந்து 20ஆம் இலக்க நெடுஞ்சாலை தொடங்குகிறது. அங்கே சுங்கச்சாவடியோ அதிகாரியோ கிடையாது, வீதிப் பலகை பிரெஞ்சுக்கு மாறுவது மட்டும்தான் அடையாளம். அந்தப் பலகையைத் தாண்டிய நொடியில் அதே பிள்ளை, அதே பொதியோடு, சட்டத்தை மீறியவர் ஆகிறார். ஏனென்றால் கியூபெக்கில் 2020 ஜனவரி 1 முதல் வயது 21. வாங்குவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கும் அதுதான் வயது. மறுபுறம் அல்பேர்ட்டாவில் 18. மற்ற மாகாணங்களிலும் ஆள்புலங்களிலும் 19. கல்கரியிலிருந்து ரொறன்ரோவுக்குப் படிக்க வரும் 18 வயது மாணவர் விமானம் ஏறும்போது சரியாக இருந்து, இறங்கும்போது பிழையாகிவிடுவார்.

புகைக்கும் இடமும் அப்படித்தான் மாறும். ஒன்ராறியோவில் பொதுவாகச் சிகரெட் பிடிக்கக்கூடிய வெளியிடங்களில் இதற்கும் அனுமதி உண்டு. கியூபெக்கில் தெருவில் நின்று புகைக்க முடியாது.

காருக்குள் எங்கே வைப்பது? ஒன்ராறியோவில் பொதி உடைக்கப்படாமல் மூல உறையிலேயே இருக்க வேண்டும், அல்லது மூடிக் கட்டிய பயணப்பைக்குள் இருக்க வேண்டும், அல்லது காரில் இருக்கும் எவருக்கும் சட்டென்று கைக்கு எட்டாத விதத்தில் இருக்க வேண்டும். மனிற்றோபா இன்னும் கண்டிப்பு: டிக்கி போல, உள்ளே இருப்பவர் எட்டித் தொட முடியாத இடத்தில்தான் இருக்கலாம். எந்த மாகாணத்துக்கும் பொருந்தும் எளிய வழி, மூடிய உறையோடு டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுவதுதான். கப் வைக்கும் குழியில் பாதி பிரித்த கமி உறை கிடந்தால், நீங்கள் ஒன்றுகூடத் தின்னாதவராக இருந்தாலும் பொலிஸுக்குக் காரைச் சோதிக்கக் காரணம் கிடைத்துவிடும்.

ஓட்டுகிறவர் பாவித்துவிட்டு ஓட்டவே கூடாது. இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 2 நானோகிராம் ரி.எச்.சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இருந்தாலே குற்றம், 5ஐத் தொட்டால் குற்றத்தின் தரம் கூடும். ஒன்ராறியோவில் 21 வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், புதுச் சாரதிகளுக்கான ஜி1, ஜி2 அனுமதிப்பத்திரக்காரர்கள், ட்ரக் போன்ற வணிக வாகனம் ஓட்டுகிறவர்கள் ஆகியோருக்கு அந்த 2 நானோகிராமும் இல்லை. சுத்தமாகப் பூச்சியம்.

விமானநிலையத்தில்

நாட்டுக்குள் பறக்கும் விமானத்தில் 30 கிராம் வரை கொண்டுபோகலாம். கைப்பையிலும் வைக்கலாம், ஏற்றும் பெட்டியிலும் போடலாம். எண்ணெய், பானம் என்றால் கைப்பையில் எல்லாத் திரவங்களுக்கும் உள்ள அதே 100 மில்லிலீற்றர் விதிதான். அன்ரியின் போத்தல் 30 மில்லிலீற்றர், பிரச்சினை இல்லை. வேப் சாதனத்தின் பற்றரி கைப்பையில்தான் வர வேண்டும், ஏற்றும் பெட்டியில் போடக் கூடாது. அது கஞ்சாவுக்கான விதி அல்ல, தீப்பற்றும் அபாயத்துக்கான விதி. விமானத்துக்குள் புகைப்பதும் வேப் இழுப்பதும் எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது.

மருத்துவத்துக்காகப் பதிவுசெய்தவர்களுக்கு அளவு வேறு. 30 நாளைக்குத் தேவையான அளவு, அல்லது 150 கிராம், இரண்டில் எது குறைவோ அது. 30 கிராமுக்கு மேல் கொண்டுபோகிறவர் பதிவுப் பத்திரத்தை அல்லது பெயரிட்ட லேபலைக் கையோடு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்புச் சோதனையில் இருப்பவர் பொலிஸைக் கூப்பிடுவார், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.

இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. "உள்நாட்டுப் பயணம்" என்பது தொடங்கும் ஊரையும் முடியும் ஊரையும் வைத்து முடிவாவதில்லை. மலிவு ரிக்கற் தேடி ரொறன்ரோவிலிருந்து சிகாகோ வழியாக வன்கூவருக்குப் போனால், நீங்கள் அமெரிக்காவுக்குள் கஞ்சா கொண்டுபோய், மறுபடியும் கனடாவுக்குள் கொண்டுவந்தவர் ஆகிறீர்கள். சிகாகோவில் வெளியே இறங்காவிட்டாலும் அப்படித்தான். நேராகப் போகும் விமானமும் காலநிலை மோசமானாலோ பயணி ஒருவருக்குச் சுகமில்லாமல் போனாலோ எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள விமானநிலையத்தில் இறங்க நேரலாம். அது அரிது. ஆனால் அப்போது கஞ்சா வைத்திருப்பவரின் பொறுப்பு அவருடையதே. அதனால்தான் நான் கேட்பவர்களிடம் சொல்வது: போய் இறங்கும் ஊரில் கடை இருந்தால் அங்கேயே வாங்குங்கள். வன்கூவரிலும் ஹலிஃபாக்ஸிலும் கடை இல்லாமலா போய்விட்டது? மருந்தாகப் பாவிப்பவர்கள், குறிப்பிட்ட வகையே வேண்டுபவர்கள் மட்டும் கொண்டுபோகும் தேவை உள்ளவர்கள்.

பாலத்தின் நடுவில்

இனி நயாகராவுக்கு வருவோம். ஆற்றின் இந்தப் பக்கம் ஒன்ராறியோ, அந்தப் பக்கம் நியூயோர்க் மாநிலம். நியூயோர்க்கில் 21 வயதானவர் 3 அவுன்ஸ், ஏறத்தாழ 85 கிராம், வைத்திருக்கலாம். கனடாவின் அளவைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். இரு கரையிலும் கடைகள் உண்டு. இடையில் ரெயின்போ பாலம். இந்தக் கரையில் வாங்கியதை அந்தக் கரைக்கு, அல்லது அங்கே வாங்கியதை இங்கே, ஒரு கிராம்கூட எடுத்துக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடக்க முடியாது.

இரண்டு பக்கமும் சரியென்றால் நடுவில் எப்படிப் பிழையாகும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். பாலத்தின் நடுவில் ஆட்சி செய்வது ஒன்ராறியோவும் அல்ல, நியூயோர்க்கும் அல்ல. அங்கே நிற்பவை ஒட்டாவாவும் வொஷிங்டனும். கனடாவின் சட்டம் தனியாளின் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் தடைசெய்கிறது, உச்சத் தண்டனை 14 வருடம். மருத்துவச் சான்றிதழ் இருந்தாலும் விலக்கில்லை. அமெரிக்கப் பக்கத்தில் 1970ஆம் ஆண்டுக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் நாடு முழுவதற்கும் நடைமுறையில் இருக்கிறது. மாநிலங்கள் தங்கள் பொலிஸைத் தடுக்கலாமே தவிர, மத்திய எல்லை அதிகாரியின் கையைக் கட்ட முடியாது.

கஞ்சாவில் உள்ள, மயக்கம் தராத சி.பி.டி என்ற பொருள் மட்டும் அடங்கிய எண்ணெய்க்கும் இதுதான் நிலை. அமெரிக்காவில் 2018இல் வந்த விவசாயச் சட்டம் ரி.எச்.சி 0.3 வீதத்துக்கு மேற்படாத சணல் வகையைக் கஞ்சா என்ற வரையறையிலிருந்து வெளியே எடுத்தது. அதனால் அமெரிக்கக் கடைகளில் சி.பி.டி சாதாரணமாக விற்கிறார்கள். கனடாவோ சி.பி.டியையும் கஞ்சாச் சட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. பஃபலோவில் அண்ணி வாங்கித் தந்த சி.பி.டி களிம்பு, திரும்பி வரும்போது அனுமதியற்ற இறக்குமதி.

எல்லைச் சாவடி எப்போதும் பாலத்தில் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ரொறன்ரோ பியர்சன் விமானநிலையத்தில் அமெரிக்கா போகும் பயணிகளை அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே, கனடா மண்ணிலேயே சோதித்து அனுப்புகிறார்கள். விமானம் ஏறுமுன்பே எல்லைக்கோடு வந்துவிடுகிறது.

சாவடியில் உங்கள் பையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், "எப்போதாவது கஞ்சா பாவித்திருக்கிறீர்களா?" என்ற கேள்வி வரலாம். இங்கேதான் எங்கள் பிள்ளைகள் வெகுளியாக மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் குடிவரவுச் சட்டப்படி, போதைப்பொருள் குற்றத்துக்குரிய செயலைச் செய்ததாக ஒருவர் தானே ஒப்புக்கொண்டால், வழக்கோ தீர்ப்போ இல்லாமலே அவருக்கு நாட்டுக்குள் வர அனுமதி மறுக்கலாம். 2018 ஒக்டோபருக்கு முன்பு கனடாவிலும் அது குற்றமாக இருந்தது என்பதால், "பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை" என்ற பதில் மிக ஆபத்தானது. பொய் சொல்வது அதைவிட மோசம், பொய் பிடிபட்டால் அதற்கென்றே நிரந்தரத் தடை உண்டு. பதில் சொல்ல மறுக்கலாம், அப்படி மறுத்தால் திருப்பி அனுப்பப்படலாம், ஆனால் ஒப்புதல் வாக்குமூலம் எதுவும் பதிவாகாது. இந்தக் கேள்வி உங்களுக்கு நிஜமாகவே பொருந்தும் என்றால், போவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். தொலைபேசியில் உள்ள படங்களையும் எல்லை அதிகாரிகள் பார்க்க முடியும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

எல்லை தாண்டும் ட்ரக் ஓட்டுநர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் சமூகத்தில் அந்தத் தொழிலில் பலர் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்குள் ஓடும் கனடிய ஓட்டுநருக்கும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் போதைப்பொருள் பரிசோதனை விதிகள் பொருந்தும். அந்தப் பரிசோதனை நீங்கள் இப்போது தெளிவாக இருக்கிறீர்களா என்று பார்ப்பதில்லை, சிறுநீரில் தடயம் இருக்கிறதா என்று பார்க்கிறது. தடயம் பல நாட்கள் நிற்கும். சனிக்கிழமை பிரம்டனில் சொந்த வீட்டில் சட்டப்படி எடுத்தது, புதன்கிழமை வேலையைப் பறித்துவிடலாம். "எங்கள் நாட்டில் இது சரி" என்பது அங்கே பதிலாக ஏற்கப்படாது.

அமெரிக்காவுக்குள்ளே வாழும் எங்கள் ஆட்களுக்கும் இதே இரட்டை அடுக்குத்தான். நியூயோர்க்கிலும் சரி, நியூஜேர்சியிலும் சரி, 21 வயதானவருக்கு மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஹட்சன் ஆற்றைக் கடந்து ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோவது மத்திய சட்டப்படி குற்றம். மத்திய அரசுக்குச் சொந்தமான தேசியப் பூங்காக்களில், அது கலிஃபோர்னியாவின் யொசமிட்டியாக இருந்தாலும், வைத்திருப்பதே குற்றம். எச்-1பி வேலை விசாவிலோ நிரந்தர வதிவிடத்துக்கான பச்சை அட்டையிலோ இருப்பவருக்கு மாநில அனுமதி பாதுகாப்பு அல்ல. மாநிலச் சட்டப்படி சரியான பாவனைகூட நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்கக் குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே அறிவித்தது. குடியுரிமை கையில் வரும்வரை தொடாமல் இருங்கள் என்பதுதான் என் வெளிப்படையான கருத்து.

கடவுச்சீட்டு இன்னும் கைக்கு வராதவர்கள்

இந்தப் பகுதியை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். கனடாவுக்குப் படிக்க வந்த பிள்ளைகள், அகதிக் கோரிக்கையாளர்கள், நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள் எல்லோரும் கடையில் வாங்கலாம். கடைக்காரர் வயதைத்தான் பார்ப்பார், குடியுரிமையை அல்ல. அதனால் எல்லோருக்கும் சட்டம் ஒன்றுதான் என்று தோன்றும். தவறு செய்யாத வரைக்கும் ஒன்றுதான். தவறு நடந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது.

கனடாக் குடிவரவுச் சட்டத்தில் "பாரதூரமான குற்றத்தன்மை" என்றொரு வகை உண்டு. கனடாவில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரின் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ என்றால், அவர் குடியுரிமை இல்லாதவராயின் நாட்டில் இருக்கும் தகுதியை இழக்கலாம். நீதிபதி உண்மையில் கொடுத்த தண்டனை வெறும் அபராதமாக இருந்தாலும் கணக்கில் வருவது அந்த உச்ச எண்தான். 2018 டிசம்பர் 18 அன்று, போதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை 5 வருடத்திலிருந்து 10 ஆக உயர்த்தப்பட்டது. எல்லை தாண்டிக் கஞ்சா கொண்டுபோவதற்கும், வயது குறைந்த ஒருவருக்குக் கொடுப்பதற்கும் உச்சம் 14 வருடம்.

ஆக, வார இறுதிப் பயணத்தில் இரண்டு நண்பர்கள் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஒருவர் இங்கே பிறந்தவர்: அபராதம் கட்டி, சில காலம் அனுமதிப்பத்திரம் இழந்து, வாழ்க்கையைத் தொடர்கிறார். மற்றவர் நான்கு வருடத்துக்கு முன் வவுனியாவிலிருந்து வந்து, குடியுரிமை விண்ணப்பத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்: அவருக்கு நாடுகடத்தல் விசாரணைக் கடிதம் வரலாம். இதைக் கல்லூரி முதல் வாரத்தில் யாராவது தமிழில் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு.

ஊருக்குப் போகும்போது

அன்ரியின் கேள்விக்கு வருகிறேன். கொழும்புக்குப் போகும் பயணத்தில் பெட்டி மூன்று சட்டங்களைக் கடக்கிறது. ஏறும் இடத்தில் ஏற்றுமதிக் குற்றம். இடையில் லண்டன், டோஹா, துபாய் என்று எங்கே மாறினாலும் அந்த நாட்டின் சட்டம். இறங்குமிடத்தில் இலங்கைச் சட்டம். பிரித்தானியாவில் கஞ்சா பி வகுப்புப் போதைப்பொருள், வைத்திருந்தால் 5 வருடம் வரை. பாங்கொக்கிலிருந்து வரும் பெட்டிகளில் "குஷ்" என்ற கஞ்சா வகை பிடிபட்டது என்ற கட்டுநாயக்கச் செய்தியை ஊர்ப் பத்திரிகை வாசிப்பவர்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. அங்கே தாராளமாக வாங்க முடிந்ததால் எங்கும் கொண்டுபோகலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. 2025 ஜூனில் தாய்லாந்தே மனம் மாறி, பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று விதித்துவிட்டது. போன தடவை சரியாக இருந்தது இந்தத் தடவையும் சரி என்று நம்பிப் போக முடியாத விஷயம் இது.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு 1985ஆம் ஆண்டு இந்தியப் போதைப்பொருள் சட்டம். அதில் ஒரு கிலோ வரை "சிறிய அளவு" என்று இருப்பதைச் சிலர் அனுமதி என்று பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். அது தண்டனையின் அளவைக் குறிக்கிறது, சிறிய அளவுக்கும் ஒரு வருடம் வரை சிறை உண்டு.

சிங்கப்பூரைப் பற்றி மெல்லச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரல் 26 அன்று, ஒரு கிலோவுக்குச் சற்றே கூடிய கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்க்கப்பட்ட தமிழர் ஒருவர் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பாவித்திருந்தாலும், திரும்பி வந்து சோதனையில் தெரிந்தால் வழக்குத் தொடரலாம். ரொறன்ரோவுக்கு உறவினரைப் பார்க்க வரும் சிங்கப்பூர் மருமகனிடம் கமி மிட்டாயை நீட்டுமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

மறந்துபோய் எடுத்துவந்துவிட்டால் என்ன செய்வது? நடக்கக்கூடியதுதான். குளிர்கால ஜக்கெற்றின் உள்பையில் பழைய கமி உறை, பயணப்பையின் பக்கப் பையில் வேப் குழாய், தூளும் மணமும் ஒட்டிய அரைப்பான். ஆகவே பெட்டி கட்டும் முன் ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்து உதறுங்கள். கடன் வாங்கிய பெட்டியாக இருந்தால் இன்னும் கவனமாக. விமானநிலையத்தில் வரிசைக்குப் போகுமுன் தெரியவந்தால், வழியனுப்ப வந்த வயதுவந்தவரிடம் கொடுத்துவிடலாம். கனடாவுக்குள் ஒரு பெரியவர் இன்னொரு பெரியவருக்கு 30 கிராம் வரை கொடுப்பது குற்றமல்ல. அவரிடம் ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்து 30ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து கனடாவுக்குத் திரும்பி வரும்போது பையில் இருப்பது தெரிந்தால், எல்லை அதிகாரி கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பொருள் போய்விடும். ஆனால் மறைத்து வைத்துப் பிடிபட்டவருக்கு வரும் அபராதத்துக்கும் வழக்குக்கும் அது எவ்வளவோ மேல்.

அன்ரி போத்தலைப் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை மகளிடம் கொடுத்தார். போகுமுன் குடும்ப வைத்தியரிடம் ஒரு நாள் கேட்டு, ஊருக்குக் கொண்டுபோகக்கூடிய நோ மாத்திரைக்கு மருந்துச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டார்.